அவருக்கு மருந்து, எனக்குக் கஞ்சா

நானும் என் கணவரும் ஒரே டொக்டரிடம்தான் கஞ்சா எழுதி வாங்கினோம். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். பல் வைத்தியசாலை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த, நாட்பட்ட வலிகளைப் பார்க்கும் கிளினிக் அது. கணவருக்கு முதல் நாளிலேயே கிடைத்தது. எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது.

அவர் ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். ஒருநாள் காலை, உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கியிருந்த மரத்தட்டு சரிந்து அவருடைய வலது காலில் விழுந்தது. எலும்பு பொருந்திவிட்டது. நரம்பு பொருந்தவில்லை. போர்வை பட்டாலே கால் எரிகிறது என்பார். வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. அந்தக் கிளினிக்கைத் தேடிப் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். டொக்டர் ஒரு நடுவயதுப் பெண். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். இவர் எட்டு என்றார். இதயம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, வாகனம் ஓட்டுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். ஆனால் அந்த எட்டை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை.

என்னுடைய வயிற்றுவலி அதைவிடப் பழையது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த அடுத்த வருடம், பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. கழிப்பறைத் தரையின் குளிர்ந்த ஓட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை கிடந்திருக்கிறேன். பிறகு மாதவிடாய் நாட்களில் மட்டும் என்றில்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் இரத்தம் எடுப்பார்கள், ஸ்கான் எடுப்பார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டில் கணவருடன் சந்தோஷமாக இருக்கிறாயா என்று ஒருவர் கேட்டார். பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த ஒரு டொக்டர்தான் பெயரைச் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்கவேண்டிய திசு வெளியே குடலிலும் முதுகுப் பக்கத்திலும் ஒட்டி வளர்கிறதாம். ஹோர்மோன் மாத்திரை தந்தார்கள். அது தலையிடியைத் தந்தது, வலியைக் குறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இவருடைய டொக்டரிடம் நானும் போனேன். என்னிடமும் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். ஒன்பது என்றேன். எழுதாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பதற்றம் உண்டா? நித்திரை வருகிறதா? கர்ப்பமாகும் எண்ணம் இருக்கிறதா?" அவர் கெட்டவர் இல்லை. கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். பெண்கள் மருத்துவரிடமிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார். வேறு மாத்திரைகளை முயன்று பார்க்கச் சொன்னார். அப்படியே நாள் போனது. கடைசியில் எழுதித் தந்தபோது, இவருக்குத் தந்ததுபோல் புகைக்கும் உலர்ந்த கஞ்சாப் பூவாக இல்லை, நாக்குக்குக் கீழே விடும் எண்ணெயாகத் தந்தார். நான் கேட்டதும் அதுதான். வாசம் வராத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். இவருடைய அம்மாவும், என் மாமி, எங்களோடு இருந்தா. என் பெற்றோர் அண்ணாவோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் மாடி, பின்பக்கம் சின்ன பல்கனி. இவர் அங்கே ஒரு பழைய கதிரையைப் போட்டு உட்கார்ந்து புகைப்பார். குளிர் கூடினால் கதவைக் கொஞ்சம் நீக்கல் விட்டுக்கொண்டு உள்ளே நின்றே புகைப்பார். மாமி அதை ஒருநாளும் கஞ்சா என்று சொன்னதில்லை. யாராவது வந்து கேட்டால், "அவன் மருந்து எடுக்கிறான், கொஞ்சம் இருங்கோ" என்பா. சாம்பல் கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்ப்பா. களஞ்சியத்துச் சிநேகிதர்கள் வந்து அவரோடு பல்கனியில் நின்று சிரிப்பார்கள். மாமி அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பா.

என்னுடைய போத்தல் அலுமாரியில், குளிர்கால சால்வைகளுக்குப் பின்னால் இருந்தது. வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, அளந்து நாக்குக்குக் கீழே விடுவேன். பச்சைப் புல்லை அரைத்த மாதிரி ஒரு கசப்பு. ஒரு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். வலி போகாது. ஆனால் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். சமைக்கலாம், குனிந்து எழும்பலாம், கோபப்படாமல் கதைக்கலாம்.

ஒருநாள் மாமி மடித்த உடுப்புகளை வைக்கப்போனபோது அதைக் கண்டெடுத்துவிட்டா. போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா.

"உது என்ன பிள்ளை?"

"வயித்து நோவுக்கு மருந்து, மாமி."

"இதிலை அந்த இலைப் படம் போட்டிருக்கு. அவன்ரை பெட்டியிலையும் இதுதான் கிடக்கு."

"ஓம், அதேதான். டொக்டர் எழுதித் தந்தவ."

மாமி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பொம்பிளையள் உதை எடுக்கிறதோ? நாளைக்குப் பிள்ளை தங்குற வயிறு. ஆரும் கேள்விப்பட்டா என்ன நினைப்பினம்?" என்றா.

அன்று மாலை இவரிடம் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்திருக்கலாமே" என்றார். பல்கனிக்குப் போய்விட்டார்.

நான் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளைப் பார்க்கும் வேலை செய்தேன். வேலை நாட்களில் பகலில் ஒரு சொட்டும் எடுத்ததில்லை. ஆனாலும் ஒருநாள் நிர்வாகி மதாம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் கோட்டில் கஞ்சா வாசம் வருகிறது என்று ஒரு குழந்தையின் தாய் முறையிட்டிருக்கிறாளாம். அது இவருடைய புகை. எங்கள் கோட்டுகள் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்கும். "என் கணவருக்கு மருத்துவ அனுமதி இருக்கிறது" என்றேன். என்னுடையதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மதாம் தன்மையாகத்தான் சொன்னார், கோட்டை வேறு இடத்தில் மாட்டும்படி. அதன் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க என் கோட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அவருடைய களஞ்சியத்தில் அவருடைய கோட்டை யாரும் மணந்து பார்க்கவில்லை.

அடுத்த கோடையில் கர்ப்பமானேன். என் வயிற்று வருத்தத்தோடு கர்ப்பமாவது கஷ்டம் என்று டொக்டர்கள் சொல்லியிருந்ததாலும், இரத்தப்போக்கு எப்போதும் ஒழுங்கில்லாமல் இருந்ததாலும், எனக்கு உடனே தெரியவில்லை. தெரிந்த அன்றே எண்ணெயை நிறுத்தினேன். போத்தலை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். முதல் பரிசோதனையில் தாதி, மது, சிகரெட், கஞ்சா என்று வரிசையாகக் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். வலிக்கு எடுத்தேன், இன்ன நாள் நிறுத்திவிட்டேன் என்றேன். தாதி தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த இவர், "நானும் எடுக்கிறேன், காலுக்கு" என்று அரைகுறைப் பிரெஞ்சில் சிரித்துக்கொண்டு சொன்னார். தாதியும் சிரித்தார். "அது உங்கள் விஷயம், மிஸ்யூ. உங்கள் மனைவிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்."

அந்த வார்த்தையை இவர் பஸ் ஏறும்போதே மறந்துவிட்டார். நான் பல தடவை நினைவுபடுத்தினேன். "வெளியிலை போய் எடுங்கோவன்." "கால் விறைக்குது, இந்தக் குளிருக்கை எப்பிடி வெளியிலை நிக்கிறது?" என்பார். கால் உண்மையிலேயே விறைக்கும். நடிக்கிறார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் கதவை நீக்கிவிட்டு நிற்க, நான் அறையில் துவாயைச் சுருட்டிக் கதவின் கீழே அடைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

பிள்ளை வந்தால் வலி போகும் என்றார்களே, போகவில்லை. வயிறு வளர வளர, உள்ளே ஒட்டியிருந்தவை இழுபட்டன. சாதாரண வலி மாத்திரை தவிர வேறெதுவும் எடுக்கக்கூடாது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பேன். மாமி முதுகைத் தடவிவிடுவா. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மாதங்களில் அவ எனக்குச் சமைத்தா, கால் பிடித்துவிட்டா, பேரப்பிள்ளைக்குத் தொப்பி பின்னினா.

கடும் பனிக்காலத்தில், நாள் வருவதற்கு வெகு முன்னாலேயே பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. அவள் குரலை நான் கேட்கவில்லை. பார்ப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டினார்கள். பெட்டியின் துளைக்குள் கையை விட்டு உள்ளங்காலைத் தொட்டேன். என் சுட்டுவிரலின் நுனியளவுதான் இருந்தது.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரே கேள்வியைப் பலர் கேட்டார்கள். கர்ப்பகாலத்தில் கஞ்சா எடுத்தீர்களா? எப்போது நிறுத்தினீர்கள்? உறுதியாகத் தெரியுமா? ஒரு சமூக சேவகி வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளையைப் பார்க்க எனக்குத் தெம்பு இருக்குமா என்று கேட்டார். கஞ்சாவின் தடயம் இருக்கிறதா என்று குழந்தையின் முதல் மலத்தைச் சோதிக்க அனுமதி கேட்டார்கள். கையெழுத்துப் போட்டேன். இவர் சன்னலோரம் நின்று பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜக்கெட்டில் அந்த வாசம் இருந்தது. அந்த அறையில் எல்லோருக்கும் அது மணத்திருக்கும். சமூக சேவகி அவரிடம் கேட்டது ஒன்றுதான். வீட்டுக்குப் போக வாகனம் இருக்கிறதா?

சோதனையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குள் மாமிக்கு விஷயம் போய்விட்டது. ஏன் இத்தனை பேர் வந்து வந்து கேட்கிறார்கள் என்று அவ மகனை விசாரிக்க, இவர், "அவள் எடுத்த எண்ணெயைப் பற்றிக் கேக்கினம்" என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளை தங்கவில்லை. சில நாட்களில் நுரையீரல் கைவிட்டது. கடைசியில் குழாய்களைக் கழற்றி என் நெஞ்சில் வைத்தார்கள். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி அவளுடைய தலையில் தான் பின்னிய தொப்பியைப் போட்டுவிட்டா. அது கண்வரைக்கும் இறங்கியது.

பிறகு டொக்டர் எங்கள் மூவரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பிரெஞ்சில் விளக்கினார். நஞ்சுக்கொடி ஆரம்பத்திலிருந்தே சரியாக வளரவில்லை. அதனால் குழந்தைக்குப் போதிய இரத்தம் போகவில்லை. ஏன் என்று டொக்டர்களால் சொல்ல முடியாது. இது பிள்ளையின் அம்மா செய்த எதனாலும் வந்ததென்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அதை அவர் என் கண்ணைப் பார்த்து, இரண்டு தடவை சொன்னார். பிறகு இவரைப் பார்த்து, இனிமேல் ஒரு கர்ப்பம் வந்தால் வீட்டுக்குள் புகையே இருக்கக்கூடாது என்றார்.

மாமிக்குப் பிரெஞ்சு தெரியாது. மகனின் முழங்கையைத் தொட்டு, "என்னவாம் மோனை?" என்று கேட்டா.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பிள்ளை சரியான சின்னனாம் அம்மா. தாங்கேல்லையாம்."

அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். மிச்சத்தையும் சொல்வார் என்று நினைத்தேன். எனக்குப் பேச வாய் வரவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாக இருந்தது. மாமி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் கோபம் இருந்தது என்று சொல்லமாட்டேன். முடிவுக்கு வந்துவிட்ட ஒருவருடைய பார்வை அது.

இங்கே குளிர்காலத்தில் நிலம் கல்லாக உறைந்துவிடும். நாங்கள் இடம் எடுத்த மயானத்தில் பனி கரைந்த பிறகுதான் புதைப்பார்கள். அதுவரை பிள்ளையை வேறொரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் வீட்டில் ஒரு சண்டையும் நடக்கவில்லை. மாமி எனக்குச் சாப்பாடு போட்டு மூடிவைப்பா, ஆனால் கூப்பிடமாட்டா. ஊருக்குத் தொலைபேசியில் கதைக்கும்போது கேட்கும். "என்னத்தைச் சொல்லுறது. பொம்பிளை கஞ்சா எடுத்தா உப்பிடித்தான்." இவர் பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரிப்பார். டொக்டர் எழுதித் தந்தது போதாமல், இங்கே கஞ்சா விற்கும் கடையிலும் வாங்கத் தொடங்கியிருந்தார்.

வசந்தத்தில் பிள்ளையைப் புதைத்தோம். சேறு. சப்பாத்துப் பெட்டியளவுச் சவப்பெட்டி. திரும்பி வந்ததும் எனக்கு வலி வந்தது. பல்கனியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். இவர் வந்து பக்கத்தில் நின்று, தன் கையிலிருந்ததை என்னிடம் நீட்டினார்.

"இந்தாரும், ஒருக்கா இழும். வலிக்குதெல்லோ."

நான் வாங்கவில்லை. "அண்டைக்கு டொக்டர் சொன்னதை ஏன் மாமிக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. சாம்பலைக் கீழே ஒழுங்கையில் தட்டினார்.

"அதைச் சொன்னா மற்றதையும் சொல்லவேணும். பேந்து அம்மா என்னையெல்லோ பாப்பா."

"அதாலை என்னைப் பாக்க விட்டனீங்களோ?"

"நீர் தாங்குவீர்" என்றார். அதை ஒரு பாராட்டுப்போலச் சொன்னார்.

நான் நேரே குசினிக்குப் போய் மாமியிடம் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். டொக்டர் சொன்ன ஒவ்வொரு வசனமாக. மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நான் முடித்ததும், "அவன்ரை கால்நோ உனக்கு விளங்காது பிள்ளை. அவன் ஆம்பிளை, அவனுக்கு அது மருந்து" என்றா. கை நிற்கவேயில்லை.

அந்த மாதக் கடைசியில் நான் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அறை எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு அக்காவின் வீட்டில் பின்னறை. இவர் என் பெட்டிகளை நொண்டிக்கொண்டே மூன்று மாடி இறக்கித் தந்தார். போகாதே என்று சொல்லவில்லை. அதே கிளினிக்குக்கு மறுபடி போனேன். டொக்டர் இந்தத் தடவை என் வலி எத்தனை என்று கேட்கவில்லை. எண்ணெயை எழுதித் தந்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது போத்தல் மேசையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த அக்காவுக்கும் தெரியும். வயிற்றில் ஒட்டியிருப்பவற்றை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாமி வந்தா. தனியாக மெத்ரோ ரயில் எடுத்து, மாறவேண்டிய இடத்தில் மாறாமல் எங்கோ போய், யாரிடமோ காகிதத்தைக் காட்டி விசாரித்து வந்து சேர்ந்திருந்தா. மெலிந்திருந்தா. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றாமலே சொன்னா.

"அவன் வேலைக்குப் போறேல்லை, பிள்ளை. விடியத் தொடங்கினா படுக்குமட்டும் அதுதான். சாப்பிடுறானில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குள்ளாலை தன்னைப் பற்றிக் கதைக்கினமாம். சுவரிலை காதை வைச்சுக்கொண்டு நிக்கிறான்."

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"நான் என்னெண்டு சொல்லுறது? எனக்குப் பாஷை தெரியாதே. சிநேகிதரிட்டைச் சொன்னன். வலிக்கு எடுக்கிறான், விடுங்கோ எண்டினம். நீ ஒருக்கா வந்து கதை. நீ சொன்னாக் கேப்பான்."

"நான் வரமாட்டன், மாமி."

மாமி தலையாட்டினா. அந்தப் பதிலை எதிர்பார்த்தே வந்ததுபோல இருந்தது. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பிறகு கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கணவர் அளவுக்கு மீறி எடுக்கிறார், இல்லாத குரல்கள் கேட்கின்றன என்று சொன்னேன். எடுத்தவர் உடனே டொக்டரிடம் கொடுத்தார். டொக்டர் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசித் தடவை வந்தபோது எல்லாம் நல்லாயிருக்கிறது என்றுதான் இவர் சொன்னாராம். நிலைமை மோசமானால் காத்திருக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடும்படி டொக்டர் சொன்னார். அடுத்த கிழமை வரச் சொல்லி நேரம் கொடுத்தார். மாமியை மெத்ரோ வரை கொண்டுபோய் விட்டேன். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்தா. இறங்கி முடிந்ததும் விட்டுவிட்டா.

அவர் அந்தச் சந்திப்புக்குப் போகவில்லை. மாமி அன்று மத்தியானம் தொலைபேசி எடுத்துச் சொன்னா, வெளிக்கிட்டுச் சப்பாத்தும் போட்டவன், வாசலில் நின்று திரும்பிவிட்டானாம். சில கிழமைக்குப் பிறகு அம்புலன்ஸ்தான் கொண்டுபோனது. இப்போது அந்தக் குரல்கள் அடங்க ஊசி போடுகிறார்கள். கஞ்சாவை நிறுத்திவிட்டார்கள், அதனால் கால் எரிகிறதாம். அந்த எரிவுக்கு இன்னும் சரியான மருந்து கிடைக்கவில்லை. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. அவருக்காக அழுதேன். திரும்பிப் போகவில்லை.

மாமி கிழமைக்கு ஒருமுறை எடுப்பா. மகனைப் பற்றித்தான் கதை. டொக்டர் சொன்னதை எழுதி வைத்திருக்கும் பிரெஞ்சுக் கடதாசியைப் படம் எடுத்து அனுப்புவா, நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லுவேன். போன கிழமை எல்லாம் கேட்டு முடிந்த பிறகும் வைக்காமல் இருந்தா. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"உனக்கு இப்ப வயித்துநோ எப்பிடி?" என்று கேட்டா.

அந்த வீட்டிலிருந்து யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

"இருக்கு, மாமி" என்றேன்.

"ம்" என்றா. பிறகு, கடை பூட்டிவிடும், பால் வாங்கவேணும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டா.